ஊசி பிடிக்கும் கை எதன் மேல் பழகுகிறது?

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவியும் கை அறுவை மருத்துவருமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறப்பு விருந்தினர் என்று வருபவர்கள் பத்து நிமிடம் அறிவுரை சொல்லிவிட்டு, பரிசை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலையோடு காரில் ஏறிப் போவது வழக்கம். அறிவுரை உங்களுக்கு வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் அந்த வேலைக்குப் போகவில்லை. என் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் எப்படிப் பழகுகிறார்கள், எதை வைத்துப் பழகுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பின்னால் அந்த மேசையில் சில சாமான்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு பேசலாம். இப்போதே யாரும் எழுந்து போக வேண்டாம்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அறுந்து போன விரலைத் திரும்ப ஒட்டவைப்பது. ஒட்டவைப்பது என்பது பேச்சு வழக்குதான். பசை போட்டு ஒட்டுகிற காரியம் இல்லை. எலும்பை எலும்போடு சேர்த்துக் கம்பி வைத்து நிறுத்த வேண்டும். விரலை மடக்குகிற நாரையும் நீட்டுகிற நாரையும் தைக்க வேண்டும். அதன் பிறகு இரத்தம் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய், உணர்ச்சி நரம்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். விரலுக்குள் ஓடும் இரத்தக் குழாயின் குறுக்களவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். பென்சில் முனையால் தாளில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளிதான் குழாய். அந்தப் புள்ளிக்குள்ளே இரத்தம் ஓடுகிற ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை அடைபடாமல், சுற்றிலும் எட்டுத் தையல் போட வேண்டும். இதைத்தான் நுண்ணறுவை, மைக்ரோசர்ஜரி என்கிறார்கள்.

நூல் எப்படிப்பட்டது என்று கேட்பீர்கள். டென்-ஓ என்று அதற்குப் பெயர். நைலான் நூல். அதன் தடிப்பு 0.02 முதல் 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் தலைமுடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. கண்ணால் பார்த்தால் நூல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். ஊசி தரையில் விழுந்தால் வெறுங்கண்ணால் தேடி எடுப்பது பெரும்பாடு. மைக்ராஸ்கோப் வழியாகப் பத்து மடங்கு, இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டுதான் தைப்போம்.

இவ்வளவு சொன்னதும் பெரியவர்கள் முகத்தில் ஒரு கேள்வி எழுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சிலர் வாய்விட்டே கேட்டிருக்கிறார்கள். “ஏம்மா, இத்தனூண்டு வேலைய டாக்டருங்க எங்க கத்துக்கிறாங்க? எங்களை மாதிரி ஏழைங்க மேலதானே?”

இந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை. நியாயமான கேள்வி. பணம் கட்டிப் பார்க்கிறவனுக்குப் பெரிய டாக்டர், இலவசமாகப் பார்க்கிறவனுக்குப் படிக்கிற டாக்டர் என்ற எண்ணம் நம் மக்கள் மனத்தில் இன்று நேற்று வந்ததில்லை. பல நாடுகளில், பல காலமாக, அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நான் இன்றைக்குச் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பழங்கதையிலிருந்து தொடங்குகிறேன். 1894-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அதிபர் சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயிற்றுக்குள் அறுந்த பெரிய இரத்தக் குழாயைத் தைக்கிற வித்தை அன்றைய மருத்துவர்களுக்குக் கைவரவில்லை. அந்த நகரத்திலேயே அலெக்சி கேரல் என்ற இளைஞர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். குழாயைத் தைக்க முடியாதா என்று யோசித்தவர் யாரிடம் போனார் தெரியுமா? பெரிய பேராசிரியரிடம் இல்லை. ஊரில் துணியில் பூவேலை செய்கிற ஓர் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, மெல்லிய ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர்; அங்கே ஊசி வேலைக்குப் பஞ்சமில்லை. 1902-இல் கேரல் தன்னுடைய தையல் முறையை எழுதி வெளியிட்டார். வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். முக்கோணத்தின் பக்கம் நேர்கோடு. நேர்கோட்டைத் தைப்பது சுலபம். அவ்வளவுதான் யோசனை. 1912-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பிற்காலத்தில் இவர் மனிதர்களை உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று தரம் பிரித்து எழுதினார். அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஊசி வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். ஆனால் அவருடைய குரு ஒரு பூத்தையல்காரி என்பதைத் தையல் தெரிந்த தாய்மார்கள் கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொள்ளலாம்.

மைக்ராஸ்கோப்பை அறுவைக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடன் நாட்டுக் காது மருத்துவர் நைலென், அது 1921-இல். இரத்தக் குழாய்க்கு அது வந்து சேர இன்னும் நாற்பது வருடம் போலானது. 1960-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக்கப்சன், சுவாரெஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், விலங்குகளின் 1.4 மில்லிமீட்டர் குழாயை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைத்து, இரத்தம் நிற்காமல் ஓடுவதைக் காட்டினார்கள். 1963-இல் ஷாங்காயில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் இயந்திரத்தில் துண்டான வலது கையை டாக்டர் சென் சோங்வெய் குழுவினர் சேர்த்தார்கள். 1965-இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் என்ற இருவர் முழுதாக அறுந்த கட்டைவிரலைச் சேர்த்தார்கள்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் பங்க்கி என்ற மருத்துவர் தன் வீட்டுக் கார் கொட்டகையைப் பயிற்சிக் கூடமாக்கி, மருத்துவரான தன் மனைவியின் உதவியோடு, முயலின் காதை அறுத்துத் திரும்பத் தைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காதுக்குள் ஓடுகிற குழாயும் 1 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன ஊசிக்கும் நூலுக்கும் அப்போது கடை கிடையாது. அவரே வழி தேட வேண்டியிருந்தது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். யாசர்கில் என்று துருக்கியில் பிறந்த மூளை அறுவை மருத்துவர். சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரில் ஏற்கெனவே பேர் வாங்கியவர். 1965-இல், தம்முடைய 40-ஆவது வயதில், வெர்மான்டுக்குப் போய் மாணவனைப் போல உட்கார்ந்து ஒரு வருடத்துக்கு மேல் விலங்குகளின் சின்னக் குழாய்களைத் தைத்துப் பழகினார். ஊருக்குத் திரும்பி 1967-இல் ஒரு நோயாளியின் தலைத் தோலில் ஓடும் குழாயை மூளைக் குழாயோடு இணைத்தார். நாற்பது வயதில் மறுபடியும் முதல் வகுப்பில் உட்கார மனம் வர வேண்டுமே!

இனி நம் பயிற்சிக் கூடத்துக்கு வருவோம்.

புதிதாக வருகிற இளம் டாக்டருக்கு முதலில் ஊசி கொடுக்க மாட்டோம். நாற்காலிதான் பாடம். உயரத்தைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, முழங்கையிலிருந்து சுண்டுவிரல் ஓரம் வரைக்கும் மேசையில் தாங்கி வைத்து உட்காரச் சொல்வோம். பிறகு மைக்ராஸ்கோப் வழியாகத் தன் கையில் இருக்கிற சாமணத்தின் முனையைப் பார்க்கச் சொல்வோம். அந்த நேரத்தில் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! முனை காற்றில் ஆடுகிற இலை மாதிரி ஆடும். “எனக்குக் கை நடுங்குது, எனக்கு இந்த வேலை ஒத்து வராது” என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எல்லார் கையும் நடுங்கும். உடம்பின் இயற்கை அது. நொடிக்கு 8 முதல் 12 தடவை. இருபது மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் இருபது மடங்கு தெரிகிறது, அவ்வளவுதான். கையைச் சரியாகத் தாங்கி வைத்து, சாமணத்தை இறுக்கிப் பிடிக்காமல் பேனாவைப் போல லேசாகப் பிடித்தால் அது அடங்கிவிடும். இறுக்கிப் பிடிக்கிறவனுக்குத்தான் அதிகமாக நடுங்கும்.

பிறகு காயத்துக்கு வைக்கிற காஸ் துணி. வெறுங்கண்ணுக்கு வெள்ளைத் துணி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கயிற்றுக் கட்டில் மாதிரி தெரியும். அதில் ஒரு நூலைப் பிடித்து, பக்கத்து நூலுக்கு அடியில் விட்டு, மேலே எடுத்து, மறுபடி அடியில் விட வேண்டும். நாள் பூராவும் இதைச் செய்தால் கண்ணுக்கும் கைக்கும் ஒரு பேச்சு வார்த்தை ஏற்படும். கையைப் பார்க்காமல் கையை நடத்துகிற பழக்கம் வரும். ஏனென்றால் கண் மைக்ராஸ்கோப்பிலேயே இருக்கிறது. கை எங்கே போகிறதென்று குனிந்து பார்க்க முடியாது.

அதற்கு அடுத்தது ரப்பர் கையுறை. சிரிக்காதீர்கள், உண்மை. கையுறையில் ஒரு துண்டை வெட்டி, அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் கீறி, அந்தக் கீறலை டென்-ஓ நூலால் தைக்க வேண்டும். ஊசி ரப்பரில் நேர்குத்தாக இறங்க வேண்டும். இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிக் குத்தினோமோ அந்தப் பக்கமும் அதே அளவு தள்ளி வெளியே வர வேண்டும். ஊசி வளைவாக இருப்பதால் அதன் வளைவுக்குத் தகுந்த மாதிரி கை சுழல வேண்டும். நேராக இழுத்தால் ரப்பர் கிழியும், ஊசி கோணும். ஒரு தையலுக்கு மூன்று முடிச்சு. இறுக்கினால் விளிம்பு சுருங்கும், தளர்த்தினால் இடைவெளி விழும். தப்பினால் வெட்டிப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கையுறையில் எத்தனையோ துண்டு கிடைக்கும்.

இந்த இடத்தில் நம்முடைய கதையும் வருகிறது. கையுறை ரப்பர் பாலில் செய்தது. ரப்பர் கையுறை செய்து உலகத்துக்கு அனுப்புவதில் மலேசியா முன்னணி நாடு. இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேருடைய பாட்டன் பாட்டி, அப்பா அம்மா பால்மரம் சீவியவர்கள். என் அம்மாவும்தான். மரம் சீவுவது லேசான வேலை என்று ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். ஒரு தடவை சீவும்போது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை எடுக்கலாம். ஆழத்தில் பார்த்தால் பால் ஓடுகிற இடம் வரைக்கும் கத்தி போக வேண்டும்; அதற்கு உள்ளே இருக்கிற இளம் படலத்தில் பட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் அளவுதான் இடம். பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அடுத்து வரும் வருடங்களில் அந்த இடத்தில் ஒழுங்காகச் சீவ முடியாது. மைக்ராஸ்கோப் கிடையாது, விடியாத இருட்டில் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சம்தான். புதிதாக வருகிறவர்களை நல்ல மரத்தில் கை வைக்க விட மாட்டார்கள், சீக்கிரத்தில் வெட்டிச் சாய்க்கப் போகிற கிழட்டு மரத்தில்தான் பழக விடுவார்கள் என்று அம்மா சொல்வார். நான் முதன்முதலில் பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கையுறைத் துண்டைப் பார்த்தபோது அந்தக் கிழட்டு மரம்தான் நினைவுக்கு வந்தது.

கையுறையில் கை படிந்த பிறகு சிலிக்கான் குழாய். இங்கேதான் புது ஆபத்து. தட்டையான ரப்பருக்கு மேல்பக்கம் மட்டும்தான். குழாய்க்கு எதிர்ச்சுவர் இருக்கிறது. ஊசி முன்சுவரைத் தாண்டிப் போய்ப் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வழி அடைபட்டுவிடும். தலையணை உறை தைக்கும்போது அடிப்பக்கத் துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டால் உறையின் வாய் மூடிக்கொள்ளுமே, அதே கதைதான். மேலே பார்த்தால் தையல் அழகாக இருக்கும். உள்ளே ஒரு சொட்டும் போகாது.

சிலிக்கான் குழாய் விலை என்று சிலர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு கிழங்கு மாவில் செய்கிற வழவழப்பான நூடுல்ஸ் இருக்கிறது. அதற்குள் ஊசியால் ஓட்டை போட்டால் ஒரு குழாய் கிடைக்கும். அதைத் தைத்துப் பழகலாம் என்று மருத்துவ ஏட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் அழுத்தினால் நசுங்கிவிடும் என்பதே அதன் நன்மை. முரட்டுக் கையை உடனே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் குழாய் செய்கிறார்கள், கைத்தொலைபேசியின் கேமராவையே மைக்ராஸ்கோப் மாதிரி வைத்து வீட்டில் பழகுகிறார்கள். எல்லாம் நல்லதுதான்.

ஆனால் என்னைக் கேட்டால் கோழிக்கு நிகர் இல்லை. பசாரில் வாங்குகிற சாதாரணக் கோழித்துண்டு. தொடையில் தசையை விலக்கினால் இரத்தக் குழாய், அதை ஒட்டினாற்போல் நரம்பு, எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். இறக்கையில் இருக்கிற குழாய் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். மனித விரல் அளவுக்குக் கிட்டத்தட்டப் பொருத்தம். பெரும்பாலானோர் தயங்காமல் தொடக்கூடிய இறைச்சி. விலையும் சில வெள்ளிதான். சிலிக்கானுக்கு ஒரே ஒரு சுவர். உயிருள்ளதின் குழாய்க்கு மூன்று அடுக்குச் சுவர் உண்டு. வெளிப்பக்கத்துச் சவ்வு நூல் நூலாகத் தொங்கும். அதை ஒதுக்கிக் கத்தரிக்காமல் தைத்தால் அது உள்ளே மடிந்து விழும். நோயாளியின் குழாயாக இருந்தால் அந்தத் தொங்கலில் இரத்தம் உறைந்து, சற்று நேரத்தில் வழி அடைத்துக்கொள்ளும். இந்தப் பாடத்தைக் கோழியிடம்தான் கற்றுக்கொள்ள முடியும், ரப்பரிடம் முடியாது.

தைத்து முடித்ததும் டிரிப் குழாய் வழியாகச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை விடுவோம். ஒழுகுகிறதா, அந்தப் பக்கம் போய்ச் சேருகிறதா என்று தெரிந்துவிடும். அதோடு விட மாட்டோம். தைத்த இடத்தை வெட்டி எடுத்து, நீளவாட்டில் பிளந்து, உள்பக்கத்தை மைக்ராஸ்கோப்பில் வைப்போம். வெளியே தெரியாத குற்றமெல்லாம் உள்ளே தெரியும். பின்சுவரைப் பிடித்த தையல், அரைச்சுவரை மட்டும் பிடித்த தையல், சாய்ந்த தையல், கிழிந்த விளிம்பு, ஏறி உட்கார்ந்த விளிம்பு என்று பத்து வகைக் குறைகளைப் பட்டியல் போட்டு எண்ணுகிற முறையே இருக்கிறது. பயிற்சி பெறுகிறவர் தாமே எண்ணி எழுத வேண்டும். மைக்ராஸ்கோப்புக்கு முகதாட்சணியம் கிடையாது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவில் டொராண்டோ நகரில் ஓர் ஆராய்ச்சி செய்து 2006-இல் வெளியிட்டார்கள். 38 இளம் மருத்துவர்கள். எல்லாருக்கும் நுண்ணறுவைத் தையலில் அதே நான்கு பாடம். ஒரு பிரிவுக்கு நான்கையும் ஒரே நாளில் நடத்தினார்கள். இன்னொரு பிரிவுக்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாரம். பாடம் முடிந்த கையோடு பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதுதான் வாரவாரம் பழகியவர்கள் முன்னால் நின்றார்கள். சோதனைக்கு முதல் நாள் இரவு முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருகிற தம்பி தங்கைகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது.

அடுத்தது, சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் கனமாக இருக்கிற விஷயம். கோழித்துண்டில் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் உறைவதும் குழாய் தானாகச் சுருங்குவதும் உயிருள்ள உடம்பில்தான் நடக்கும். அதற்காக எலியை வைத்துப் பழகுகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அதன் தொடைக் குழாய் 1 மில்லிமீட்டருக்குப் பக்கம். முழுதாக மயக்க மருந்து கொடுத்துத்தான் தொடுவார்கள். பயிற்சி முடிந்தால் பெரும்பாலும் அதை எழுப்பாமலே, வலி தெரியாமலே அனுப்பிவிடுவார்கள். உயிரைக் கொல்வதா என்று கேட்கிறவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். கேட்பது சரி. 1959-இல் ரசல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் இதற்கு மூன்று கட்டளை எழுதினார்கள்: வேறு பொருளால் முடியுமானால் விலங்கைத் தொடாதே, தொட்டே ஆக வேண்டுமென்றால் எண்ணிக்கையைக் குறை, குறைத்த பிறகும் துன்பத்தைக் குறை. என் கருத்தைக் கேட்டால், கையுறையிலும் கோழியிலும் குறையில்லாமல் தைத்துக் காட்டாதவரை எலிக்குப் பக்கத்தில் விடக் கூடாது. ரப்பரில் பழக வேண்டியதை உயிரில் பழகுவது சோம்பேறித்தனம். அதே சமயம், எலியும் வேண்டாம், நேரே மனிதன் மேலே போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் விரல் அறுந்து வருகிறவனுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. விரலில் தசை இல்லாததால் குளிரில் வைத்தால் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை சேர்ந்திருக்கிறது. 6 மணி நேரத்துக்குள் இரத்தம் போய்ச் சேரவில்லையென்றால் பிழைப்பது கஷ்டம். இந்த நேரத்தில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? கற்றுக்கொண்டு வந்த கைதான் உதவும்.

இதைச் சொல்லும்போதே ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் குலை வெட்டுகிற இடத்தில், புல்வெட்டுகிற இயந்திரத்தில், ஆலையில் யாருக்காவது விரல் துண்டானால் முதலில் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். விழுந்த விரலைத் தேடி எடுங்கள். அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள். தேய்க்காதீர்கள், மஞ்சள் போடாதீர்கள், மருந்தெண்ணெய் ஊற்றாதீர்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. ஐஸ்பெட்டியின் உறைபகுதியிலும் வைக்கக் கூடாது. உறைந்த விரலை எந்தக் கையாலும் தைக்க முடியாது. “எப்படியும் ஒட்டாது” என்று நீங்களாக முடிவு செய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒட்டுமா ஒட்டாதா என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர் சொல்லட்டும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஏழைங்க மேலதானே? ரப்பர், சிலிக்கான், கோழி என்று இத்தனை படி ஏறி வந்தாலும், ஒருநாள் முதல் மனிதன் என்று ஒருவர் இருக்கத்தான் செய்வார். இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நாளில் அந்த இளம் மருத்துவர் தனியாக இருக்கக் கூடாது. அறுவைக் கூடத்து மைக்ராஸ்கோப்பில் எதிரெதிரே இரண்டு பேர் உட்காரலாம். இரண்டு பேர் கண்ணுக்கும் அதே காட்சி. எதிரே மூத்தவர் உட்கார்ந்திருப்பார். ஊசி சரியாக இறங்கவில்லையென்றால் குத்துவதற்கு முன்னாலேயே “நில்லு” என்பார். தையல் சரியில்லையென்றால் வெட்டிவிட்டுத் தாமே திரும்பப் போடுவார். அதற்கு முன்னால் எத்தனை கையுறை, எத்தனை கோழி, எத்தனை குறைகள் என்ற கணக்கு ஏட்டில் இருக்க வேண்டும். நோயாளி பணக்காரரா ஏழையா என்பது அந்த ஏட்டில் இல்லை. எங்கேயாவது இந்த ஒழுங்கு இல்லாமல் நடந்தால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. “டாக்டர், இதை யார் செய்யப் போறாங்க? அவங்க பக்கத்துல யார் இருப்பாங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.

நம் நாட்டு நுண்ணறுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு மே மாதம், செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையில் ஒரு குழு, பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தைக்கு, இறந்துபோன அதன் இரட்டைச் சகோதரியின் கையை எடுத்துப் பொருத்தியது. ஒரே உருவத்து இரட்டைக் குழந்தைகள் என்பதால் உடம்பு அந்தக் கையை அந்நியம் என்று தள்ளவில்லை. உலகமே திரும்பிப் பார்த்த அறுவை. ஒரு மாதக் குழந்தையின் கைக்குள் ஓடும் குழாய் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மேசைக்கு வருவோம். அங்கே ஒரு பெட்டி ரப்பர் கையுறை, அட்டைச் சட்டங்கள், சாமணங்கள், சாதாரணத் தையல் ஊசி நூல், ஒரு பெரிய பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். டென்-ஓ நூல் ஒன்றும் கண்ணாடிக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கலாம், தொட வேண்டாம். பரிசளிப்பு முடிந்ததும் நான்காம் ஆண்டு மாணவர்கள் முதலில் வரட்டும், பிறகு மற்றவர்கள். பெற்றோர்களும் வரலாம், தையல் தெரிந்த தாய்மார்கள் பிள்ளைகளைவிட நன்றாகப் போடுவார்கள் என்று நினைக்கிறேன், பார்ப்போம். கையுறையைக் கிழித்துவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், இன்னொரு துண்டு வெட்டித் தருகிறேன். முழங்கையை மேசையில் வைத்து உட்காருங்கள். சாமணத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.